பெரியம்மா வீட்டுச் சாவியை ஏன் தரவில்லை?



போகி நெருங்கினாலும் சரி, தீபாவளி நெருங்கினாலும் சரி, பெண்கள் பக்கங்களில் ஒரு யோசனை தவறாமல் வந்துவிடும். ஒரு வருஷமாக எடுத்துப் புழங்காத பொருளை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள் என்று. நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல யோசனைதான். என் வீட்டுப் பரணிலும் மூடி தொலைந்த டிபன் கேரியர் ஒன்று பத்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. ஐஸ்கிரீம் டப்பாவில் தோசை மாவு வைக்காத வீடு எது, சொல்லுங்கள்!

ஆனால் இந்த யோசனை செல்லுபடியாகாத வீடுகள் சில உண்டு. நடக்க இடமில்லாமல், படுக்க இடமில்லாமல் சாமான் சேர்ந்துபோன வீடு. அதற்குள் தனியாக ஒரு பெரியவர். அப்படிப்பட்ட வீட்டை ஒழிக்கப் போகிறவர்கள் துடைப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. முக்கியமாக, அந்தப் பெரியவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து ஒழிக்கவே கூடாது. இதுதான் என் கட்சி. இதற்காக என் தம்பி முறை உள்ளவனிடம் சண்டையும் போட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் திருவண்ணாமலை. மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில், பழைய ஓட்டு வீட்டில் என் பெரியம்மா தனியாக இருக்கிறார். வயது 74. மகன் சென்னையில், மகள் வேலூரில். பெரியப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் இருந்தவரை பழைய பேப்பர் மாதாமாதம் கடைக்குப் போய்விடும். 2009ல் அவர் போனபிறகு ஒரு பேப்பர்கூட வாசலைத் தாண்டவில்லை. பேப்பர் மட்டுமா? கழுவிக் காயவைத்த பால் கவர், எண்ணெய் பாக்கெட், ஹார்லிக்ஸ் பாட்டில், கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடைப் பை, அறுந்த மிதியடி, பிடி போன குக்கர். எங்கள் ஊரில் இன்னொரு வசதியும் இருக்கிறது. மாதாமாதம் பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றுகிறார்கள். அவர்கள் போட்டுவிட்டுப் போகிற தண்ணீர் பாட்டில்களை மறுநாள் காலையில் பெரியம்மா ஒரு பை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கி வருவார். "நல்லாத்தானே இருக்கு? காசு குடுத்து வாங்கினதை இன்னாத்துக்கு ரோட்டுல போட்றாங்க?" என்பார். அவர் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா?

இப்போது அந்த வீட்டில் மூன்று அறை இருந்தும் ஒரு அறைகூடப் புழக்கத்தில் இல்லை. கட்டில் மேல் துணி மூட்டை. நடையில் ஒரு பாய் அகலத்துக்கு இடம் விட்டு அங்கேதான் படுக்கிறார். கழிவறைக்குப் போக இரண்டு பக்கமும் சுவர் மாதிரி அடுக்கிய கட்டுகளுக்கு நடுவில் ஒருக்களித்து நடக்க வேண்டும். அடுப்பு மேடைக்குப் பக்கத்திலேயே பேப்பர். தினமும் சாயந்திரம் விளக்கு வேறு ஏற்றுகிறார். எலி, பூரான் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த வருஷம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் என்று முடிவானது. மகள் வேலூரில் பத்து நாள் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அப்போதுதான் மகன் எனக்கு போன் செய்தான். "அக்கா, இதை விட்டா வேற சான்ஸ் கிடைக்காது. ரெண்டு ஆளு, ஒரு குட்டியானை வண்டி. ஒரே நாள்ல மொத்தத்தையும் ஏத்திடலாம். ஒயிட்வாஷ் அடிச்சு, புது ஃபேன் மாட்டி, அம்மா வரும்போது வீடு பளிச்சுன்னு இருக்கும். சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"சாவி தரமாட்டேன்டா தம்பி" என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "தினம் வந்து பார்க்கிறவங்க நீங்க. அந்த வீட்ல நெருப்பு புடிச்சா நீங்க பதில் சொல்வீங்களா?" என்று கேட்டான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. பயந்துபோன பிள்ளை. 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் மலையில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் போய்விட்டார்கள். அன்று ராத்திரியிலிருந்தே அவனுக்கு ஒரே கவலை. நடுராத்திரியில் 'வெளியே வாங்க' என்று யாராவது கதவைத் தட்டினால் அம்மாவால் வாசலுக்கு வர முடியுமா? பெரியம்மா வீடு மலையடிவாரத்தில் இல்லைதான். ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. நானும் அதை மறுக்கவில்லை. நான் மறுத்தது வழியை.

ஏன் என்று சொல்கிறேன். என் கணவர் வழியில் இதேமாதிரி ஒரு பெரியவர் இருந்தார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பிள்ளைகள் வீட்டைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டார்கள். திரும்பி வந்தவர் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க உள்ளே போகவில்லை. "என் வீடு எங்கே?" என்று கேட்டாராம். இரண்டே வருஷத்தில் அந்த வீடு பழையபடி நிறைந்தது. ஒரு வித்தியாசம்தான். முன்பெல்லாம் பிள்ளைகளை உள்ளே விடுவார். அதற்குப் பிறகு வாசலோடு பேசி அனுப்பிவிடுவார். பூட்டு மாற்றிவிட்டார். கடைசியில் அவர் விழுந்து கிடந்ததுகூடப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. டாக்டர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். வலுக்கட்டாயமாகக் காலி செய்த வீடு மறுபடி நிறையும், நம்பிக்கை மட்டும் திரும்பாது.

ஏனென்றால் இது சோம்பேறித்தனமோ, கஞ்சத்தனமோ இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022ல் நடைமுறைக்கு வந்த தனது நோய்ப் பட்டியலில் இதைத் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013லேயே சேர்த்துவிட்டார்கள். பொருளுக்கு மதிப்பு இருக்கிறதா இல்லையா என்பது இதில் கணக்கே இல்லை. அதை விட்டுப் பிரிவதற்குள் அவர்கள் படும் பாடுதான் கணக்கு. நமக்கு நகையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னால் எப்படி இருக்குமோ, அவருக்குப் பால் கவரைக் கொடுக்கச் சொன்னால் அப்படி இருக்கிறது. வயது ஏற ஏற இது கூடும் என்கிறார்கள். வயதான காலத்தில் திடீரென்று ஆரம்பித்தால் மறதி நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதனால் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

இந்த நோய்க்கு உலகம் முழுக்க உதாரணம் காட்டுவது நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் இருந்த காலியர் சகோதரர்களை. ஹோமர், லாங்லி என்று இருவர். அண்ணன் ஹோமருக்குக் கண் தெரியாது. தம்பிதான் சமைத்துப் போட்டு, குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்டார். அண்ணனுக்கு ஒருநாள் பார்வை திரும்பும், அப்போது விட்டுப்போன செய்தியெல்லாம் படிக்க வேண்டுமே என்று வருஷக்கணக்கில் பேப்பரைச் சேர்த்து வைத்தாராம். வீடு முழுக்கக் கூரை உயரத்துக்குச் சாமான். திருடன் வந்தால் மேலே சரியட்டும் என்று பொறிவேறு வைத்திருந்தார். 1947 மார்ச் மாதம் போலீஸ் உள்ளே நுழைந்தபோது அண்ணன் இறந்து கிடந்தார். தம்பியைக் காணோம் என்று ஊரெல்லாம் தேடினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சாமானை வாரிக் கொட்டியபிறகு, அண்ணன் கிடந்த இடத்துக்குப் பத்தடி தூரத்திலேயே அவர் உடல் கிடைத்தது. சோறு எடுத்துப் போகும்போது தான் வைத்த பொறியே சரிந்து அமுக்கிவிட்டது. சோறு வராமல் அண்ணன் செத்தார். நூறு டன்னுக்கு மேல் சாமான் வெளியே வந்தது. வேடிக்கை பார்க்கத் தெருவெல்லாம் கூட்டம்.

இதைப் படித்தபோது எனக்குப் பேப்பர் சேர்த்த காரணம்தான் மனதில் தைத்தது. குப்பை என்று நாம் சொல்வதில் அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. கேட்டால்தான் தெரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். புத்தகம், பத்திரிகையோடு நிற்காமல் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் வரை சேர்த்தார். 1992ல் அவர் காலமானார். அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வைத்துச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள்! பழைய தமிழ்ப் புத்தகம் தேடி வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். என் பெரியம்மாவை அவரோடு ஒப்பிடவில்லை. அவர் வரிசையாக, வகையாக, தெரிந்து சேர்த்தவர். பெரியம்மா வீட்டில் கல்யாணப் பத்திரிகைக்கு நடுவே மாத்திரை அட்டை கிடக்கும். ஆனாலும் குட்டியானையில் ஏற்ற வந்த கூலியாளுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? அவருக்கு எல்லாம் கிலோ கணக்குத்தானே!

அதோடு வீட்டுப் பத்திரம் எங்கே என்று பெரியம்மாவுக்கே நினைவில்லை. "பெட்டியிலதான் இருக்கணும்" என்கிறார். எந்தப் பெட்டி? தாய்ப்பத்திரம் தொலைந்தால் போலீசில் புகார், பேப்பரில் விளம்பரம் என்று அலைய வேண்டும். 2019ல் பல்லடம் பக்கத்தில் வயதான அக்கா தங்கை இருவர், செல்லாமல் போன 500, 1000 ரூபாய் நோட்டில் 46,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தது செய்தியாக வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தங்கள் காரியத்துக்கு ஆகட்டும் என்று வைத்திருந்த பணம். நம் அம்மாக்கள் பணத்தை வங்கியிலா வைப்பார்கள்? அரிசிப் பானை, தலையணை உறை, புடவை மடிப்பு, சாமி படத்தின் பின்பக்கம். ஒரு பொட்டலம்கூடப் பிரித்துப் பார்க்காமல் போகக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தது அதனால்தான்.

சரி, சாவியைத் தராமல் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். ஒழிக்க வேண்டாம் என்று சொல்லவில்லையே. மூன்று பேரும் போனில் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஆபரேஷன் முடிந்து, கண்ணில் தூசி படலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வேலை. அதுவரை ஆயத்தம் மட்டும்.

முதல் ஆயத்தம் பேச்சு. 'குப்பை' என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கக்கூடாது. மகளுக்குத்தான் இது கஷ்டமாக இருந்தது. "எத்தனை வருஷமா சொல்றேன்" என்று ஆரம்பித்துவிடுவாள். அவளை நான் தனியாகக் கூப்பிட்டு, "நீ பத்து வருஷமா சொல்லி ஒரு பாட்டிலாவது போச்சா?" என்று கேட்டேன். அப்புறம்தான் அடங்கினாள். இரண்டாவது, வீட்டை போட்டோ, வீடியோ எடுக்கக்கூடாது. இப்போதெல்லாம் இது ஒரு வியாதி. சொந்தக்காரர் குரூப்பில் 'எங்கம்மா வீட்டைப் பாருங்க' என்று போட்டுவிட்டு, சிரிக்கிற பொம்மையும் போடுகிறார்கள். பெற்றவளை நடுத்தெருவில் நிறுத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பெரியம்மாவிடம் நேராகவே பேசினேன். "பெரியம்மா, உங்க சாமான் எதையும் உங்களைக் கேட்காம யாரும் தொடமாட்டாங்க. நான் பொறுப்பு. ஆனா பாயிலேர்ந்து கக்கூஸ் வரைக்கும், பாயிலேர்ந்து வாசல் வரைக்கும் கை வீசி நடக்கற மாதிரி வழி வேணும். அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்துல பேப்பர் இருக்கக் கூடாது. இதுக்கு மட்டும் நீங்க ஒத்துக்கணும்." ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "வீட்டை விக்கப் போறாங்களா?" என்று கேட்டார். அதுதான் அவர் மனதில் இருந்த பயம்! மகனை விட்டே போனில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். அடுப்பும் வழியும் அன்றைக்கே ஆரம்பித்தோம். அதற்கு மட்டும் கண் ஆபரேஷன் வரை காத்திருக்க முடியாது. கட்டுகளை வெளியே கொண்டுபோகவில்லை, உள் அறைக்கு நகர்த்தினோம், அவ்வளவுதான். தூசி அடங்கும்வரை அவரை என் வீட்டில் உட்கார வைத்தேன், அவர் சொல்லி, அவர் சம்மதத்தோடு.

சாமான்கள் வாங்கி வைத்திருக்கிறேன். ரப்பர் கையுறை, மாஸ்க், ப்ளீச்சிங் பவுடர், முப்பது கோணிப்பை, மார்க்கர் பேனா. எலிப்புழுக்கை இருக்கிற இடத்தை வறட்டுத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள் சகோதரிகளே! தூசி மூக்கில் ஏறும். கதவு ஜன்னலைத் திறந்துவைத்து, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, பிறகு துணியால் வழித்து எடுக்க வேண்டும். காலில் வெடிப்பு, கையில் கீறல் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. துருப்பிடித்த தகரம் இருக்கும், எனவே டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். தேள் எங்கள் ஊரில் சகஜம். மூட்டைக்குள் கையை விடாமல் கவிழ்த்துக் கொட்ட வேண்டும்.

மூன்று கோணியில் எழுதி வைத்திருக்கிறேன். 'இருக்கட்டும்', 'கொடுக்கலாம்', 'போகட்டும்'. பெரியம்மாவே நாலாவது ஒன்று கேட்டார். 'அப்புறம் பார்க்கலாம்'. அதுதான் பெரிதாக இருக்கும் என்று தெரியும். பரவாயில்லை. ஒவ்வொன்றும் அவர் கையாலேயே விழ வேண்டும். காலையில் ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் இல்லை. 'போகட்டும்' கோணி மட்டும் அன்றன்றைக்கே தெருவைத் தாண்டிவிட வேண்டும். வாசலில் வைத்தால் ராத்திரி அது உள்ளே வந்துவிடும்!

மனநல டாக்டர் விஷயம்தான் எங்களுக்குள் இழுபறியாக இருந்தது. "எங்கம்மாவுக்கு பைத்தியமா?" என்று மகள் அழுதாள். சர்க்கரைக்கு டாக்டரிடம் போகிறோம், கண்ணுக்குப் போகிறோம். 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. காசில்லாமல் தமிழிலேயே பேசலாம், 2022லிருந்து நடக்கிறது. முதலில் நான்தான் பேசினேன். பெரியவரை எப்படிப் பேச்சுக்குக் கொண்டுவருவது என்று பொறுமையாகச் சொன்னார்கள். இதற்கு மாத்திரையைவிடப் பேசிப் பேசிப் பழக்கும் சிகிச்சைதான் முக்கியமாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர பெரியம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. அவசரப்படுத்தவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்து போன வாரம் ஊருக்கு வந்தார். கதவைத் திறந்ததும் நின்றுவிட்டார். "இன்னாடி, இவ்ளோ ஒட்டடையா? நான் போறப்போ இல்லியே!" என்றார். எத்தனை வருஷமாகக் கண் மங்கி இருந்ததோ, யாருக்குத் தெரியும்? அன்று சாயந்திரம் அவராகவே ஐந்து பாட்டிலை எடுத்து 'போகட்டும்' கோணியில் போட்டார். ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நாலு லாபம்.

அடுக்களை, நடை, பிறகு துணி, கடைசியில் பேப்பர் என்று வரிசை வைத்திருக்கிறோம். கார்த்திகை தீபத்துக்குள் நடுக்கூடத்திலாவது ஒரு கோலம் போட வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கே வழி தெரியவில்லை. வருஷாவருஷம் வாங்கிய தீப மை, பிரதோஷ விபூதி, குங்குமம் என்று இரண்டு பெட்டி நிறையப் பொட்டலம் இருக்கிறது. விபூதியைச் செடி வேரில் போடலாம் என்றால் ஒத்துக்கொள்கிறார், தீப மையைத் தொட விடவில்லை. இதை முறைப்படி என்ன செய்வது என்று தெரிந்த சகோதரிகள் இந்தப் பகுதிக்கே எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, திருவண்ணாமலை.